சல்லடை தாண்டியது

மதியச் சோறு தின்றுவிட்டு வந்து வாளியைப் பார்த்தான் நீலமேகம். காலையில் ஏரித் தண்ணீரில் சிக்கிய மூன்று கட்டிகளை அதில் போட்டிருந்தான். இப்போது ஒன்றுதான் கிடந்தது, மூன்றின் பருமனில்.

ஏரித் தண்ணீரை இறைத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பும் அந்த பம்ப் ஹவுஸில் தண்ணீரைச் சோதிப்பது அவன் வேலை. எண்ணூர்க் காற்றின் சாம்பல் வாடை, குளோரின் நெடி, மோட்டார் கிரீஸ் எல்லாவற்றையும் மீறி, ஒரு வாரம் ஊறிக் கிடந்த துணியைப் போல வாளி நாறியது. கண்ணாடிக் குழம்பு மாதிரியான அந்தக் கட்டிக்குள் கடுகு கடுகாய்க் கறுப்பு விதைகள் மிதந்தன, அவன் நிழல் மேலே விழும்போதெல்லாம் அது லேசாகச் சுருங்கியது. நான்கு நாளாய்ப் புத்தகம், போன், பூதக்கண்ணாடி என்று முட்டி மோதியும் அதற்கொரு பெயர் கிடைக்கவில்லை. பெயர் இல்லாமல் படிவம் செல்லாது. படிவம் செல்லாமல் பம்ப் நிற்காது.

"‘வழவழன்னு இருக்கு’ன்னு எழுதியிருக்க. அது பேராய்யா?" மூன்றாம் முறையும் போனில் சிரித்தார் இன்ஜினியர் ரகுபதி. "நாலு மணிக்கு வியாசர்பாடிக்குத் தண்ணி விட்டாகணும்."

வியாசர்பாடியில்தான் நீலமேகத்தின் வீடு.

சல்லடை கழுவும் டெரிக் அரிவாளைத் துடைத்தபடி உள்ளே வந்தான்.

"இன்னா நைனா, இத்தப் போயி மொறைச்சிகினு கீற? வலைல மாட்டுற சொறிமீனுதான் இது. காலைல சல்லடைல அம்பது கீந்துச்சு. பொடிப்பொடியா அறுத்து தண்ணிலயே வுட்டுட்டேன்."

வலையில் சிக்கிய ஜெல்லி மீனை அறுத்துக் கடலிலேயே வீசுவது டெரிக்கின் மீனவ ஊரான முகத்துவாரக்குப்பத்துப் பழக்கம்.

நீலமேகம் வாளியைப் பார்த்தான். முழுசாக இருந்தவரை சல்லடை தடுத்தது. பொடியைத் தடுக்காது. உள்ளே போன பொடி மறுபடி சேரும்.

நேரம் குறித்து வைத்த மோட்டார் தானாக உறுமியது. நாலு மணி. மோட்டார் அறைச் சாவி ரகுபதியிடம். அவர் போனை எடுக்கவில்லை.

வீட்டில் மனைவி பவானியும் எடுக்கவில்லை. ஐந்து முறை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆறாவது முறை அடித்தான்.

"இன்னாயா, தண்ணி புடிச்சிகினு இருந்தேன்."

"குடிக்காத மே!"

"ரெண்டு சொம்பு குடிச்சாச்சு. கொழகொழன்னு கீது, துணி கட்டித்தான் புடிச்சேன். தாகம்தான் அடங்க மாட்டேங்குது."

வீட்டுக் கதவு திறந்திருந்தது. விளக்கில்லை. பவானி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கால்மாட்டில் தண்ணீர் டிரம்.

கூப்பிட்டான்.

மூச்சில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

திறந்த வாயிலிருந்து ஒன்று நீண்டு வந்தது. அது நாக்கு அல்ல. அதன் வழியே சுவர் தெரிந்தது. டிரம் விளிம்பில் இன்னொன்று ஏறி, அவள் பக்கம் நீண்டது.

இரண்டுக்கும் இடையில் ஒரு சாண்.