இடது காது

குழந்தை இடப்பக்கமாகவே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மட்டாஞ்சேரியில் கீழே சுக்குக் கிடங்கும் மேலே வீடுமாக இருந்த அந்தப் பழைய கட்டடத்தில், மழையின் ஈரமும் சுக்கின் காரமும் கலந்து மரப்படிகள் வழியாக ஏறிக்கொண்டிருந்த சாயங்காலம். மகள் விளையாடுகிறாள் என்றுதான் அம்ருதா முதலில் நினைத்தாள். பிறகுதான் தலை சாய்ந்திருப்பதைப் பார்த்தாள். மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். கருவிழிகள் மெதுவாக ஒருபக்கம் நகர்ந்து, வெடுக்கென்று திரும்பின. மறுபடி நகர்ந்தன.

அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். களமசேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில், எலிகளின் இடது காது மடலைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே மருந்து செலுத்தி உட்செவியைக் கொல்வது அவள் வேலை. அவை உருளும், சுற்றும். பிறகு மூளை பழகிக்கொள்ள, மெல்ல நேராக நடக்கும். நேராக நடந்துவிட்ட எலிக்கு வலது காதில் அடுத்த ஊசி. இருட்டில் வைத்த எலிகள் மட்டும் தேறத் தாமதமாகும்.

குழந்தையைச் சோதித்த டாக்டர் இடது உட்செவி செத்துவிட்டது என்றார். காரணம் தெரியவில்லை.

"பேடிக்க வேண்டா, பயமே வேண்டாம். குழந்தையல்லே, சீக்கிரம் நேரா நடந்துடும்."

அம்ருதா குழந்தையின் வலது காதைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஜன்னல்களை அடைத்தே வைத்தாள். பல்புகளைக் கழற்றினாள். பகலெல்லாம் இருட்டில் குழந்தை சுவரில் மோதி வீறிட்டு அழுவதை, தூக்கப் போகாமல், ஆறுதலோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே அம்மு? விழுந்து விழுந்து அவ நெத்தியெல்லாம் வீங்கிக் கெடக்கு," என்றான் கணவன் சங்கர்ராம்.

"விழட்டும்."

"ப்ராந்தா உனக்கு? பைத்தியமா?"

அவன் ஜன்னல் கொக்கியில் கை வைத்தான். அவள் அந்தக் கையைக் கடித்தாள். ரத்தம் சொட்ட, குழந்தையைக் கொண்டுபோக ஆட்டோ கூப்பிடுவதற்காக அவன் கீழே ஓடினான். அவள் கதவைத் தாழிட்டாள்.

கிடங்கில் யாரோ சாக்கை இழுக்கும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

தப். தப். தப்.

சின்னக் கால்கள். தடுமாறவில்லை. மோதவில்லை. கூடத்தின் மூலையிலிருந்து அவளை நோக்கி. நேராக.

"வேண்டாம்டா கண்ணு. விழுந்துடு. விழு."

குழந்தை சிரித்தது. அவள் முழங்காலைத் தொட்டது.

அம்ருதா அதை வாரி அணைத்தாள். வலது காதை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

கைக்குக் காது அகப்படவில்லை. அங்கே ஏற்கெனவே விரல்கள் இருந்தன. ரப்பர் உறை போட்ட, குளிர்ந்த விரல்கள். காது மடலைப் பதமாகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தன.