எலும்பில்லாக் கட்டைவிரல்

ஹிஸிர் திருநாளன்று தாஷ்பனார் ஊரில் எல்லாரும் எல்லாரோடும் கைகுலுக்குவார்கள். குலுக்கும்போதே எதிராளியின் கட்டைவிரலையும் அழுத்திப் பார்த்துக்கொள்வார்கள். சாவே அறியாத மகான் ஹிஸிர் அன்று எளிய மனிதராய் ஊரூராக வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவருடைய வலக் கட்டைவிரலில் எலும்பு கிடையாது. அதைப் பிடித்து வேண்டிக்கொண்டால் நினைத்தது நடக்கும்.

சிறுமி துர்னாவுக்கு வேண்டியது மிதிவண்டி. வேண்டியதன் உருவத்தை ரோஜாச் செடியடியில் வைக்கும் திருநாள் வழக்கப்படி, முந்தின மாலையே கூழாங்கற்களால் அதைச் செய்து வைத்திருந்தாள்.

நண்பகலில் மலைச்சாலை வழியே புதியவர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். வலக் கையில் பெரிய பஞ்சுக்கட்டு. மளிகைக்கடை நூரெத்தின் ஓடிச்சென்று அந்தக் கையைக் குலுக்கினார்.

"ஐயோ!" என்றார் வந்தவர்.

"எலும்பே இல்ல! மெத்துமெத்துன்னு இருக்கு! எல்லாரும் ஓடி வாங்க, ஹிஸிர் வந்துட்டாரு!"

"நான் லாரி ஓட்டுறவன்யா! டயர் மாத்தும்போது கட்டைவிரல் நசுங்கிடுச்சு. என்னை விடுங்க!"

"பார்த்தீங்களா? ஹிஸிர்னா இப்படித்தான் மழுப்புவாரு!"

நொடியில் வரிசை உருவாயிற்று. அவரை ஊர்ச் சதுக்கத்து நீரூற்றருகே நாற்காலியில் அமர்த்தினர். மடியில் ஆட்டுக்கறித் தட்டை வைத்தனர். ஒவ்வொருவராய் விரலை அழுத்தினர். ஒருவர் மழை கேட்டார். ஒருவர் மருமகள் கேட்டார்.

துர்னாவின் முறை வந்தது. கையை நீட்டியவள், அவர் கண்ணில் நீர் முட்டுவதைக் கண்டாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதா, மாமா?"

"வலி கிடக்கட்டும், கண்ணு. டவுன் ஆஸ்பத்திரியில என் பொண்டாட்டிக்குப் பிரசவம். இந்த மினிபஸ்ஸை விட்டா நாளைக்குத்தான்."

சதுக்கத்தின் மறுகோடியில் சிற்றுந்து உறுமத் தொடங்கியிருந்தது. துர்னா சற்றே யோசித்தாள். பிறகு நீரூற்றின் மேடைமீது ஏறி நின்றாள்.

"நூரெத்தின் மாமா! ஹிஸிர் வந்தா எப்படிப் போவாரு?"

"எப்படிப் போவாரா? சட்டுனு மறைஞ்சிடுவாரு. இதுகூடத் தெரியாதா?"

"எல்லாரும் இப்படி முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா எப்படி மறைவாரு? அவர் மறையலைன்னா நம்ம வேண்டுதல் என்ன ஆகும்?"

கூட்டம் திடுக்கிட்டது.

"அதானே!" என்றார் நூரெத்தின். "எல்லாரும் கண்ணை மூடுங்க! டேய் இல்யாஸ், விரல் இடுக்கு வழியா பார்க்காதடா!"

ஊரே கண்ணை மூடிக்கொண்டது. துர்னா சிற்றுந்தைச் சுட்டிக்காட்டினாள். புதியவர் தம் இடக் கையால் அவள் தலையைத் தொட்டார், பின்னர் பாய்ந்தோடினார். பாதி வழியில் திரும்பி வந்து ஒரு கறித்துண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினார்.

"இப்போ திறக்கலாம்!"

நாற்காலி வெறுமையாயிருந்தது. "நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்!" என்று நூரெத்தின் மார்தட்டிக்கொண்டார்.

அப்போது மலைத் திருப்பத்திலிருந்து, 'பாம், பாம்' என்றொரு நீண்ட ஒலி கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"ஹிஸிரோட குதிரை கனைக்குது, மாமா" என்றாள் துர்னா.

நூரெத்தின் பயபக்தியோடு தொப்பியைக் கழற்றி, அத்திசை நோக்கித் தலை வணங்கினார்.