முழங்கைக்குக் கீழே

ஏணியில் மூன்று படிதான் ஏறியிருந்தாள் தேவசேனா. ஏணி நான்கு முறை கிறீச்சிட்டது.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். படியில் கால் வைத்தது காலுக்கே தெரியும், எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தேவசேனாவுக்கு மூன்று வருஷமாக முழங்காலுக்குக் கீழேயும் முழங்கைக்குக் கீழேயும் ஒன்றும் தெரிவதில்லை. மகள் சுபஸ்ரீ பிறந்த பிறகு வந்த காய்ச்சலோடு போன உணர்வு திரும்பவே இல்லை. நரம்புக் கோளாறு என்று மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்தார். கை பிடிக்கும், கால் நடக்கும், கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தால் எல்லாம் செய்யும். கண்ணை எடுத்தால் அவை எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. அதனால் படிகளைக் காதால் எண்ணப் பழகியிருந்தாள்.

நான்காவது சத்தம் பழைய மரம் போட்டதாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். கொட்டகைப் பரணில் வரிசையாகக் கிடந்த பூண்டுக் கட்டுகளுக்கு அடியில் முகத்தைக் கொண்டுபோய்க் கன்னத்தால் சூடு பார்த்தாள். இதமான சூடுதான். பயமில்லை.

"அங்க என்ன, பூண்டுக்கு முத்தம் குடுத்துக்கிட்டா இருக்க?"

வாசலில் மாமியார் சோலையம்மாள் நின்றிருந்தாள்.

"சூடு பாக்குறேன் அத்தே."

"கைய வெச்சுப் பாக்க வேண்டியதுதான? கல்லுக் குண்டாட்டம் ரெண்டு கை இருக்குல்ல."

"கையில சூடு தெரியாது அத்தே."

"பாக்க நல்லாத்தான இருக்க. எங்களுக்கும்தான் மேலெல்லாம் வலி. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரியுறோம்?"

தேவசேனா அடுத்த கட்டுக்கு அடியில் கன்னத்தைக் கொண்டுபோனாள். இந்தப் பேச்சு ஒரு காலத்தில் வலித்தது. இப்போது அதுவும் கையைப்போல ஆகிவிட்டது.

பூண்டி கிராமத்தில் அந்த வீட்டுக்காரர்கள் விதைப்பூண்டைக் கொட்டகையில் புகை போட்டுத்தான் காப்பாற்றுவார்கள். ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு தகரக் கதவு. நடுவில் கங்கு கனன்றபடி இருக்க வேண்டும். அதன்மேல் ஈர விறகு போட்டுப் புகையைப் பரணுக்கு ஏற்ற வேண்டும். உள்ளங்கையைக் கட்டுகளுக்கு அடியில் வைத்தால் பத்து எண்ணும் வரை பொறுக்க வேண்டும். பொறுக்காவிட்டால் பூண்டு வெந்துவிடும், வெந்த பூண்டு முளைக்காது. போன வருஷம் அவள் உள்ளங்கையை வைத்து நிதானமாகப் பத்து எண்ணினாள், நூறுகூட எண்ணியிருப்பாள். பாதி விதை வெந்து போயிற்று. வேண்டுமென்றே செய்தாள் என்றார்கள்.

அதற்கு முன்பே மாற்றுத்திறனாளிகள் முகாமில் ஒருவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நடந்துதானம்மா வந்தீங்க?" என்று கேட்டு ஃபைலைத் திருப்பிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அவள் பொய்க்காரி என்பதற்கு வீட்டில் அத்தாட்சியும் கிடைத்துவிட்டது.

இன்று காலை, மன்னவனூரில் ஒரு காதுகுத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, கணவன் சிவமுருகன் கோபமே இல்லாமல் சொன்னான்: "இந்த வாட்டியும் விதை கெட்டுச்சுன்னா நீ பழனிக்கு உங்க அம்மா வீட்டுக்கே போயிரு. பிள்ள இங்கன இருக்கட்டும்." சுபஸ்ரீ அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பொழுது சாயுற வரைக்கும் எங்கயும் நகராத. நான் மேலத்தெரு வரைக்கும் ஒரு சோலியா போயிட்டு வாரேன்," என்று வாசலில் நின்ற சோலையம்மாள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

தேவசேனா ஏணியிலிருந்து இறங்கிக் கங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மணி மூன்றுகூட ஆகியிருக்காது. ஆனால் கதவு இடுக்கில் தெரிந்த வெளிச்சத்தைப் பனி வந்து மூடிக்கொண்டது. ஈர விறகு உஸ்ஸென்று நுரை தள்ளியது. பூண்டின் காரமும் மண் வாசனையும் கரிப்புகையும் சேர்ந்து தொண்டையில் படிந்தன. தகரக் கூரையில் பனி சொட்டும் சத்தம் ஒரு பக்கம் தொடங்கி, மெல்ல நகர்ந்து, அவள் தலைக்கு மேல் வந்ததும் நின்றது. புகை முதலில் அவள் பாதங்களை மறைத்தது. பிறகு முழங்காலை. பிறகு தொங்கவிட்டிருந்த கைகளை. பார்க்க முடியாத கை தேவசேனாவுக்கு இல்லாத கைதான். இடுப்புக்குக் கீழே யாருமே இல்லாமல் புகையில் மிதப்பதுபோல நின்றாள்.

விறகு எடுக்க மூலைக்குப் போனாள். தப், தப், தப், தப். நின்றாள்.

தப்.

கால் தன்னிச்சையாக ஓர் அடி வைத்துவிட்டதோ? அப்படியும் நடப்பதுண்டு. பாதம் அவளைக் கேட்காமல் கல்லில் இடித்து ரத்தம் சொட்டியபடி வீடெல்லாம் நடந்திருக்கிறது. தரையைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் உடம்பு அசையவில்லையே. இடுப்பு அசையாமல் கால் எப்படி அடி வைக்கும்?

"யாரு?" என்றாள்.

வெளியே போய்விடலாம். எட்டு அடியில் கதவு. போனால் புகை போகும், கங்கு அணையும், அத்தை வந்து பார்ப்பாள். பிறகு பழனி பஸ். பிள்ளையின் முகம் மாதத்துக்கு ஒரு முறையோ, அதுவும் இல்லாமலோ. அவள் விறகை எடுத்து வந்து கங்கின்மேல் போட்டாள். வலது தோள் கனத்தது.

தோளில் உணர்வு உண்டு. அதனால் கனம் நன்றாகவே தெரிந்தது. பூண்டுக் கட்டிலிருந்து தொங்கும் கயிற்றில் வளையல் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். கையை இழுத்தாள். வந்தது. விட்டதும் மறுபடி கீழே இழுபட்டது. பிள்ளை கையைப் பிடித்துத் தொங்கும்போது தோளில் தெரியுமே, அதே இழுப்பு.

பயமாக இருந்தது. பயமும் முழங்கைக்கு மேலேதான் இருந்தது.

கங்கை ஊதினாள். சிவப்பு கூடியது. கையைத் தூக்கினாள். கனத்தோடு மேலே வந்தது. புகை விலகியது.

அவளுடைய விரல்கள். ஐந்து.

இடையிடையே வேறு விரல்கள்.

நீளமானவை. சாம்பல் நிறம். அவள் விரல்களோடு கோத்து, நன்றாகப் பழகிய கைபோலப் பிடித்திருந்தன. மணிக்கட்டுக்கு அப்பால் புகை.

எவ்வளவு நேரமாக?

இப்போதுதானா? ஏணி ஏறும்போதிருந்தேவா? நேற்றிலிருந்தா? மூன்று வருஷமாகவா?

அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

கதவு திறந்தது. பனியும் வெளிச்சமும் உள்ளே விழுந்தன. "என்னடி இது, சிலையாட்டம் நிக்கிற?" சோலையம்மாளின் குரல் கேட்டதும் தேவசேனாவுக்கு அழுகை வந்தது. அந்தக் குரலுக்காக அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல்முறை.

"அத்தே, என் கைய யாரோ பிடிச்சிருக்காங்க."

சோலையம்மாள் சிரித்தாள்.

"உனக்குத்தான் கையில ஒண்ணுமே தெரியாதே? இப்ப மட்டும் எப்படித்தான் தெரிஞ்சுச்சு?"

"கண்ணால பாக்குறேன் அத்தே. பாருங்க. நீங்களும் பாருங்க."

"குட்டு வெளிப்பட்டுருச்சுல்ல? மூணு வருசமா என் மகன ஏமாத்திருக்க. சிவமுருகன் வரட்டும். நாளைக்கு வெள்ளனே உன்னய பஸ் ஏத்திவிடச் சொல்றேன்."

"ஐயோ, இதைப் பாருங்க அத்தே!"

"எங்க, காட்டு," என்று கிட்டே வந்தாள் சோலையம்மாள். குனிந்து கையைப் பிடித்தாள். தேவசேனா பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் பிடித்தது அவள் கையை அல்ல. சாம்பல் நிற விரல்களைத்தான் சோலையம்மாள் எடுத்து, புரட்டி, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அவை அசையாமல் இருந்துகொடுத்தன.

"ஒண்ணுமில்ல. கை நல்லாத்தான் இருக்கு," என்றவள் கொஞ்சம் தயங்கினாள். "ஏன் இப்படிச் சில்லுனு கெடக்கு? நெருப்புக்கிட்டதான நிக்கிற?"

கையை விட்டாள். தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் ஒழுங்கா வேலையப் பாரு," என்று வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். இந்த முறை கொண்டி போடும் சத்தம் கேட்டது.

"அத்தே!"

செருப்புச் சத்தம் பனிக்குள் போயிற்று.

புகை மறுபடி ஏறியது. பாதம். முழங்கால். இடுப்பு. வலது தோள் இழுபட்டது, கங்கு இருக்கும் பக்கமாக. கால் ஊன்றி எதிர்த்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கால் தெரியவில்லை. தரையில் மட்டும் சத்தம் கேட்டது.

தப்.

இடது கை புகைக்குள் எங்கோ தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இடது தோளும் மெதுவாகக் கனக்கத் தொடங்கியது.