டிஷ் பார்த்த பக்கம்

படகு எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா நிற்பதாகப் புருஷன் ஜெகதீஸ்வரன் வாக்கிடாக்கியில் சொன்ன பிறகும், மீன் ஏலக்கூடத்து மொட்டைமாடியில் டிஷ் கிர்ரென்று திரும்பிக்கொண்டேதான் இருந்தது. நீரோட்டம் இழுக்கிறதாக்கும் என்று அதன் பக்கத்தில் திரையின் முன் உட்கார்ந்திருந்த ஜமுனா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

படகில் கட்டிய சிக்னல் பெட்டி எங்கே நகர்ந்தாலும் டிஷ் தானாகத் திரும்பி அதையே பார்க்கும். ஒரு நேரத்தில் ஒரு படகைத்தான் பார்க்கும். அது திரும்பும் கோணத்தைத் திரையில் படித்து, மார்கழிப் பனியில் வரும் படகை முகத்துவாரத்து மணல்திட்டில் மோதாமல் உள்ளே கொண்டுவருவது அவள் வேலை. ஐப்பசியில் அந்தத் திட்டில் மோதித்தான் வேணு படகோடு மூழ்கிப்போனான். உடலும் கிடைக்கவில்லை, பெட்டியும் கிடைக்கவில்லை. "அவன் பெட்டி நம்பரை அழிச்சிடாதம்மா, வந்துடுவான்" என்று அவன் அம்மா வேலம்மா கையைப் பிடித்து அழுததில், ஜமுனா அதை அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

விடிந்து ஒரு மணி நேரமாகியும் எதிரே நீட்டிய கைகூடத் தெரியவில்லை. கருவாட்டு வாடை பனியோடு கலந்து தொண்டையில் அப்பியது. கீழே வலைகளிலிருந்து ஈரம் சொட்டும் சத்தம், அதற்கப்பால் எங்கோ அலை உடையும் சத்தம், இரண்டுக்கும் நடுவில் டிஷ்ஷின் முனகல்.

"ஒதுங்கிட்டே போற. எஞ்சினைப் போட்டு பீச்சாங்கை பக்கம் திருப்பு."

"நான் ஆடாம நிக்கிறேன். இன்னா சொல்ற நீ?"

"டிஷ்ஷு பொய் சொல்லுமா? திருப்புய்யா."

திருப்பினான். டிஷ் அதைச் சட்டை செய்யவே இல்லை.

"இன்னும் திருப்பு."

"ஜமுனா, அலை கிட்டக்க உடையுது..."

டிஷ்ஷின் பார்வை முகத்துவாரத்தைத் தாண்டியிருந்தது. கரை மணல்மேட்டின் மேல் போய்க்கொண்டிருந்தது. படகு போக முடியாத இடம். அப்போதுதான் அவள் திரையின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். ஜெகதீஸ்வரன் எண் நாலு. இது ஏழு.

வேணு.

"நிறுத்து! திருப்பாதே!"

வாக்கிடாக்கியில் படகின் ஃபைபர் பிளக்கும் சத்தம். ஒரு அலறல், பாதியில் அறுந்தது. பிறகு வெறும் இரைச்சல்.

நான்தான் கொன்றேன். வாக்கிடாக்கியை அழுத்தி அழுத்தி அவனைக் கூப்பிட்டாள்.

டிஷ் நிற்கவில்லை. ஐஸ் ஷெட்டைத் தாண்டியது. மெல்ல. ஆள் நடக்கிற வேகத்தில். ஏலக்கூடத்து வாசல். தலை குனிந்தது. மாடிப்படியின் அடியைப் பார்த்து நின்றது.

திரையில் ஏழு அணைந்தது. நாலு எரிந்தது. சிக்னல் முழுசாக.

ஒரு படகை விட்டு இன்னொரு படகைப் பிடிக்க டிஷ் திரும்பியாக வேண்டும்.

அது அசையவே இல்லை.