ஈஸ்ட் தூங்காத வீடு

மீனா? செத்துப்போன மீனுக்காகவா இந்த வெயிலில் ஒருத்தி வந்திருக்கிறாள்? துவைத்த துணியில் பாதிதான் கம்பில் ஏறியிருக்கிறது. முழங்கால் நேற்றிலிருந்து நச்சரித்துக்கொண்டே இருக்கிறது. இன்று ஒருநாள், யாருக்கும் எதையும் கண்டுபிடித்துத் தராமல் இருந்துவிடக் கூடாதா?

அல்போன்சம்மாள் இதில் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "உக்காரும்மா," என்று மட்டும் சொன்னாள்.

வாழ்நாளின் பெரும்பகுதியை அவள் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், எரிந்த கடைகளையும் வெள்ளம் புகுந்த கிடங்குகளையும் பார்த்துக் கழித்தவள். யார் உண்மை சொல்கிறார்கள், யார் சொல்லவில்லை என்று கண்டுபிடிப்பதே வேலை. ஓய்வு பெற்று லிட்டில் இந்தியாவின் இந்த வீவக அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் ஆட்கள் தேடி வருவது நிற்கவில்லை. பாதிப் பேரை அழைத்து வருவது ஷாரன்தான். தேவாலயப் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடுகிறவள். பலதுறை மருந்தகத்தின் முகப்பில் உட்கார்ந்து ஊர்க் கதையெல்லாம் கேட்கிறவள்.

"ஆன்ட்டி, இவங்க வித்யா. அப்பாவைச் செக்கப்புக்கு எங்க கிளினிக்குக் கூட்டிட்டு வருவாங்க. கேஸ் ரொம்ப சீரியஸ் லா. பாய்சன்!"

"நீ கொஞ்சம் சும்மா இரு. அவ சொல்லட்டும்."

வித்யா தொடக்கப்பள்ளி ஆசிரியை. கையிலிருந்த தண்ணீரைக் குடிக்காமல் சொல்லத் தொடங்கினாள். புக்கிட் மேராவில் வீடு. கணவன் ரகுபதி, அவள், அவளுடைய அப்பா ராமலிங்கம். அப்பாவுக்கு ஞாபகம் தவறுகிறது. ஒருமுறை இரவில் கதவைத் திறந்துகொண்டு, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டப் போவதாகப் பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டார். அன்றிலிருந்து ரகுபதி கூடத்தில்தான், வாசலுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறான்.

"ஹால்ல என் வீட்டுக்காரரோட மீன்தொட்டி இருக்கு, ஆன்ட்டி. உள்ளே செடியெல்லாம் வெச்சு, அதுக்கு சி.ஓ.டூ வாயு குடுக்க அவரே பாட்டில்ல செட்டப் பண்ணியிருக்கார். நேத்துக் காலையில எழுந்தேன். அப்பாவுக்குத் தலை சீவி விடுறது என் வேலை. அந்த ஷெல்ஃபுலேயே தேங்காயெண்ணெய் இருக்கும். எடுத்துக் கையில ஊத்திட்டு நிமிர்ந்தா, மீனெல்லாம் மெதக்குது. மீன் கடைக்காரருக்கு அனுப்பிக் கேக்கலாம்னு ஒரு படம் எடுத்தேன். கையில எண்ணெய், அதான் கொஞ்சம் மங்கல்."

கைப்பேசியை நீட்டினாள். எண்ணெய்ப் படலத்தின் பின்னே அகலமான தொட்டி. மேலே சாய்ந்து கிடக்கும் ஏஞ்சல் மீன்கள். கண்ணாடியில் ஒட்டிய, நெல்லிக்காய் அளவுக் குமிழ் ஒன்றில் மஞ்சள் நீர். தண்ணீர் விளிம்புக்கு மேல் வரிசையாக ஏறி நிற்கும் நத்தைகள். பின்னால் இறுகச் சாத்திய சன்னல்.

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"நடுராத்திரியில முழிச்சாராம். அப்பா கையில தரை துடைக்கிற லிக்விட் பாட்டிலோட தொட்டிகிட்ட நின்னாராம். கூட்டிட்டுப் போய்ப் படுக்க வெச்சாராம். அப்பாவைக் கேட்டா, 'ஊத்தியிருப்பேன்மா, ஞாபகம் இல்ல'ங்கறார்." அவள் குரல் இறங்கியது. "ஒரு முதியோர் ஹோம்ல இடம் காலியா இருக்காம். நாளைக்குள்ள பதில் சொல்லணும். இன்னிக்கு மீனு, நாளைக்கு கேஸ் அடுப்புன்னு இவர் சொல்றார். தப்புன்னு சொல்ல முடியல. ஆனா நேத்திலேருந்து அப்பா ஒரு கிளாஸ் தண்ணி எடுக்கக்கூட என்னைக் கேக்குறார், ஆன்ட்டி. 'தொடலாமாம்மா'ன்னு. அவர்தான் செஞ்சாருன்னா நான் அனுப்பிடுறேன். இல்லைன்னா இல்லைன்னு எனக்குத் தெரியணும்."

அல்போன்சம்மாள் வாளியைப் பார்த்தாள். மிச்சத் துணி இனி சாயங்காலம்தான்.

பேருந்தில் ஷாரன் மூன்று பேரைக் குற்றவாளியாக்கி, மூன்று பேரையும் விடுதலை செய்தாள். கடைசியில் மீன் கடைக்காரரே மருந்து கலந்திருப்பார் என்றாள். "புது மீன் விக்கணும்ல, ஆன்ட்டி?" முன்னிருக்கையில் இருந்த வித்யா திரும்பவில்லை. அல்போன்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முதுகு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டு வந்தவளின் முதுகு போலிருந்தது. கணவனை நம்பாமல் வெளியாள் ஒருத்தியை வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். அதற்கே எவ்வளவு களைப்பு வேண்டியிருந்திருக்கும்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. ரகுபதி சோபாவில் மடித்த போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருமை. வந்தவர்களைப் பார்த்ததும் வாய் இறுகியது. ஆனால் அல்போன்சம்மாள் மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

"இந்தப் பாட்டில் வேலை யாரு செஞ்சது தம்பி? நல்லா இருக்கே."

அவன் முகம் மெல்லத் தளர்ந்தது. தொட்டிக்குக் கீழே இரண்டு பெரிய குளிர்பானப் பாட்டில்கள். மூடியைத் துளைத்து மெல்லிய குழாய்கள். "சீனி, தண்ணி, ஈஸ்ட், அவ்வளவுதான் ஆன்ட்டி. ஈஸ்ட் சீனியைத் தின்னுட்டு வாயு விடும். அது குழாய் வழியா தொட்டிக்குப் போகும். கடையில விக்கிற சிலிண்டர்னா சுவிட்ச் இருக்கும். இதுக்கு இல்ல. ஈஸ்ட் தூங்காது."

"அப்ப ராத்திரியில?"

"ராத்திரி லைட் அணைஞ்சா செடி வாயுவை எடுக்காது. தண்ணியிலேயே சேர்ந்துடும், மீனுக்கு மூச்சு முட்டும். அதனால படுக்கறதுக்கு முன்னாடி குழாயை வெளியே எடுத்து இந்தக் கிளிப்புல மாட்டிடுவேன். தினமும்."

"இந்தக் கண்ணாடிக் குமிழ்?"

"வாயு எவ்வளவு இருக்குன்னு காட்டும். கம்மின்னா நீலம், சரின்னா பச்சை, ஜாஸ்தின்னா மஞ்சள். மொதல்ல நீலமாவே இருந்துச்சு. ஏர்கான் குளிர்ல ஈஸ்ட் சோம்பேறியாயிடும். பாட்டிலை மாத்தினேன், மூடியை ஒட்டினேன், ஒண்ணும் ஆகல. அப்புறம்தான் ஈஸ்ட்டை டபுளாப் போட்டேன். பச்சைக்கு வந்துச்சு." சொல்லிவிட்டு மீனில்லாத தொட்டியைப் பார்த்தான்.

உள்ளறையிலிருந்து ராமலிங்கம் வந்தார். உயரமான மனிதர். கையில் சீப்பு. "ஆளு வந்திருக்காங்க. தலை கலைஞ்சிருக்கும்மா. எண்ணெயைத் தொடலாமா?"

"நானே தடவி விடுறேன்பா." வித்யா தொட்டிக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள். உள்ளே வெள்ளையாக, மெழுகுபோல் உறைந்திருந்தது. "இந்தக் குளிருக்கு தினமும் இதே கதை," என்று சமையலறைக்குப் போய் வெந்நீரில் வைத்தாள்.

ராமலிங்கம் அல்போன்சம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். "நீங்க போலீசா?"

"இல்லண்ணே. போலீசுக்கு இவ்வளவு முழங்கால் வலி இருக்காது."

அவர் சிரித்தார். பிறகு தணிந்த குரலில், "நான்தான் செஞ்சிருக்கேன் போல. மாப்பிள்ளை பொய் சொல்ல மாட்டாரு. என்னை நல்லா பாத்துக்கறவரு," என்றார். ரகுபதி எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றான்.

வித்யா அப்பாவுக்குத் தலை சீவி முடிக்கும்வரை அல்போன்சம்மாள் காத்திருந்தாள். பிறகு கைப்பேசிப் படத்தை மேசையில் வைத்தாள்.

"அண்ணே, நீங்க தொட்டியில எதையும் ஊத்தல. தரை துடைக்கிற மருந்து விழுந்திருந்தா தண்ணியில நுரை நிக்கணும், நத்தைதான் மொதல்ல செத்திருக்கணும். இங்க நத்தையெல்லாம் உயிரோட, மூச்சுக்காக மேல ஏறி நிக்குது. குமிழ் மஞ்சளா இருக்கு. தம்பிதான் சொன்னாரே, மஞ்சள்னா வாயு ஜாஸ்தி. மீன் மூச்சு முட்டித்தான் செத்திருக்கு."

வித்யா அப்பாவின் தோளில் கை வைத்தாள். கிழவர் எதையோ சரிபார்ப்பதுபோல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அப்ப மாமா குழாயை உள்ளே போட்டிருப்பாரு," என்றான் ரகுபதி சட்டென்று. "பாட்டில் மாதிரி எதையோ பாத்தேன். இருட்டு. சரியாத் தெரியல."

"ஆமா, ஆன்ட்டி, பாசிபிள்!" என்றாள் ஷாரன்.

அப்பாவின் தோளில் இருந்த வித்யாவின் கை தளர்ந்தது. அல்போன்சம்மாளுக்கு அப்போதே விடை தெரிந்துவிட்டது. எரிந்த கடைகளில் பலமுறை பார்த்ததுதான். ஒரு காரணம் பொய்யானால் உண்மையானவன் குழம்புவான். பொய் சொன்னவன் மட்டும்தான் அதே ஆளுக்கு உடனே இன்னொரு காரணம் தைப்பான். தெரிந்ததில் மகிழ்ச்சி எதுவும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்போல் இருந்தது.

"வித்யா, அப்பாவைக் கீழே கூட்டிட்டுப் போய் ஒரு கோப்பி வாங்கிக் குடும்மா. வந்ததும் பேசுவோம்."

வெளியே மின்தூக்கிச் சத்தம் அடங்கியது.

"தம்பி, முந்தாநேத்து, வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்க இந்த வீட்டுல இல்ல."

"என்ன ஆன்ட்டி பேசறீங்க? இங்கதான் படுத்திருந்தேன்."

"ஏர்கான் போட்டுக்கிட்டா?"

"தினமும் போல."

"அப்ப எண்ணெய் உறைஞ்சிருக்கணுமே. தினமும் வெந்நீர்ல வெக்கணும்னு இப்ப வித்யா சொன்னா. நேத்துக் காலையில மட்டும், எழுந்ததும் எடுத்து நேரா கையில ஊத்தியிருக்கா. அந்த எண்ணெய்தான் படத்துல மங்கலா இருக்கு. ராத்திரி பூரா இந்த ஹால் சூடா இருந்திருக்கு. சன்னலும் சாத்தியிருக்கு. குளிருக்குன்னு டபுளாப் போட்ட ஈஸ்ட், அந்தச் சூட்டுல வெறி பிடிச்ச மாதிரி வேலை செஞ்சிருக்கு. குழாயைத் தண்ணியிலேருந்து எடுக்க ஆள் இல்ல."

ஷாரன் படத்தை எடுத்து மறுபடி பார்த்தாள்.

"ஏர்கான் போட மறந்திருக்கலாம்ல?" என்றான் ரகுபதி. குரலில் வலு இல்லை.

"மறந்திருக்கலாம். குழாயை எடுக்கவும் மறந்திருக்கலாம். ஆனா நடுராத்திரி மாமாவைத் தொட்டிகிட்ட பாத்தேன்னு சொன்னீங்க. இந்தத் தொட்டியை இவ்வளவு பாத்துக்கற மனுஷன், அவரைப் படுக்க வெச்சுட்டு வந்து ஒரு தடவைகூடத் தொட்டியைப் பாக்காமயா தூங்கிட்டீங்க?"

ரகுபதி போர்வையின் மேலேயே உட்கார்ந்தான்.

"அன்னிக்கு அவர் என்னை அடையாளம் கண்டுக்கல. 'நீ யாரு, என் வீட்டுல ஏன் இருக்கே'ன்னு கத்தினாரு. வித்யா தூக்க மாத்திரை போட்டுட்டுத் தூங்கறா, எழும்பல. அவரைப் படுக்க வெச்சேன். அதுக்கப்புறம் என்னால இந்தச் சோபாவுல படுக்க முடியல, ஆன்ட்டி. ஒரு வருஷமா ஒரு ராத்திரிகூட நான் முழுசாத் தூங்கல. அவர் புரண்டா முழிப்பேன். ஏர்கானையும் போடல, குழாயையும் எடுக்கல, வாசல் கேட்டை வெளியே பூட்டிட்டுப் போயிட்டேன்."

"எங்கே?"

"லிட்டில் இந்தியாவுலதான். ராத்திரி பூரா திறந்திருக்கற ஒரு சாப்பாட்டுக் கடை. குடிக்க ஒரு தே வாங்கினேன், மேசையிலேயே தலையை வெச்சுத் தூங்கிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. தூங்கத்தான் போனேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "விடியறதுக்கு முன்னாடி வந்தேன். மீன் செத்துக் கெடக்கு. வித்யா எழுந்து, என்னாச்சுன்னு கேட்டா. அவ அப்பாவை உள்ளே வெச்சுப் பூட்டிட்டுப் போனேன்னு எப்படிச் சொல்வேன்? தீ பிடிச்சிருந்தா? வாயில வந்தது அவர் பேருதான்."

அல்போன்சம்மாள் அவனுடைய கருத்த கண்களைப் பார்த்தாள். இதைவிடச் சின்னக் காரணங்களுக்காக மனிதர்கள் இதைவிடப் பெரிய பொய் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். தன் கணவர் டயாலிசிஸில் இருந்த வருடங்களில், மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போகாமல் இந்த நாற்காலியிலேயே யாராவது தன்னை மறந்துவிட்டால் என்ன என்று அவளும் நினைத்ததுண்டு.

"ஆன்ட்டி, ஒரு ஹெல்ப். அவர் செஞ்சாருன்னு சொல்ல வேணாம். தெரியலைன்னு மட்டும் சொல்லிடுங்க. 'பாத்தேன், ஒண்ணும் புரியல'ன்னு. அவர் எப்படியும் மறந்துடுவாரு. ஹோமுக்குப் போனா வித்யாவும் தூங்குவா, நானும் தூங்குவேன். அவருக்கும் பாக்க ஆள் இருப்பாங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல."

"பாவம் லா, ஆன்ட்டி," என்றாள் ஷாரன் மெதுவாக. பேருந்தில் இருந்த உற்சாகம் முழுவதும் வடிந்திருந்தது.

தெரியல. ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் அடுத்த பேருந்தைப் பிடித்துவிடலாம். அந்த ஹோம் நல்ல இடமாகக்கூட இருக்கலாம். ஒருவேளை போகத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அந்த மனிதர், தான் செய்யாத ஒன்றுக்கான தண்டனையாக அங்கே போய் உட்கார்ந்திருப்பார். எதற்கு என்பதை மறந்தாலும், தான் ஏதோ தப்புச் செய்தவன் என்பது மட்டும் மறக்காது. அது எப்படியோ கடைசிவரை தங்கிவிடும்.

"ஹோமைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க," என்றாள். "முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. ஒரு வருஷமா தூங்கலைங்கறதையும் அவகிட்ட சொல்லுங்க. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

"அவ என்னை மன்னிக்க மாட்டா."

"இருக்கலாம்."

வெளியே மின்தூக்கி வந்து நின்றது. ராமலிங்கம் ஏதோ சொல்ல, வித்யா பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். வாசல் கேட்டில் சாவி சரியாகப் பொருந்தாமல் உரசியது.

"ப்ளீஸ் ஆன்ட்டி," என்றான் ரகுபதி. உதடு மட்டும்தான் அசைந்தது. "தெரியலைன்னு சொல்லுங்க. அது போதும்."

அல்போன்சம்மாள் மேசையைப் பிடித்து மெல்ல எழுந்து, கிழவருக்குத் தன் நாற்காலியை ஒழித்துக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியுமே, தம்பி," என்றாள்.