வெட்டிப்போட்ட மூச்சு

பௌர்ணமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். கிரிவலக் கூட்டம் கலைந்து, அடி அண்ணாமலை ரோடு முழுக்கத் தண்ணீர் பாட்டிலாகக் கிடந்தது. சென்னை வண்டி. இரண்டு பேர். பாடுகிற பெண் இனியா, ஒலிப்பதிவு செய்கிற கோபி.

செத்துப்போன முருகையனின் பாட்டுகளில் பத்தைப் புதிதாகப் பாடி, அவர் நினைவாக ஒரு ஆல்பம் போடுகிறார்களாம். நாற்பது வருஷம் பாட்டு கட்டி கேசட் போட்ட மனுஷன். உயிரோடு இருந்தபோது எவனும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அவருடைய பழைய ரெக்கார்டிங் ரூமிலேயே ஒரு பாட்டைப் பதிய வேண்டுமாம். சாவி என்னிடம் இருந்தது.

நான் உடனே கொடுக்கவில்லை.

"நீங்க பாட வந்த பாட்ட மொதல்ல பாடினது என் பொஞ்சாதி உண்ணாமலை. கேசட்டுல 'குழுவினர்'னு போட்டு முடிச்சுட்டாரு. நீங்களாவது அவ பேர போடுவீங்களா?"

"கண்டிப்பா போடுறோம் தாத்தா" என்றது இனியா.

"முருகையனும் இப்படித்தாம்மா சொன்னாரு."

"எழுதியே தரேன் பெரியவரே" என்று கோபி சிரித்தான்.

எழுதி வாங்கி மடியில் செருகிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

உள்ளே எலிப்புழுக்கை நாற்றம். சுவரெல்லாம் கோணிச் சாக்கு, அதற்குள் தேங்காய் நார். கதவைச் சாத்தினால் பஸ் ஹாரன்கூட உள்ளே வராது. நம்முடைய காது இரைவதுதான் நமக்குக் கேட்கும்.

அந்த ரூமில் டேப்பை வெட்டி ஒட்டுவது என் வேலை. உண்ணாமலைக்கு இழுப்பு உண்டு. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் மூச்சு வாங்குவாள், கடைசியில் சன்னமாக விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். முருகையனுக்கு அது ஆகாது. "வெட்றா அத" என்பார். நான் பிளேடால் அந்தத் துண்டை நறுக்கி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டுவேன். அந்த ஒரு பாட்டில் மட்டும் இருபத்திமூன்று துண்டு.

"என் மூச்ச எங்கய்யா போட்ட?" என்று அன்றைக்கு வீட்டில் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அடுப்புல" என்றேன். நிஜமாகவே அங்கேதான் போட்டிருந்தேன்.

ஆறு வருஷம் கழித்து, ஒரு பகல் மூன்று மணிக்கு, மூச்சு கிடைக்காமல் என் மடியிலேயே போய்ச் சேர்ந்தாள். பேச முடியவில்லை. அந்தக் கேள்வியையே திரும்பக் கேட்கிற மாதிரிதான் பார்த்தாள்.

இனியா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பாடியது. நன்றாகத்தான் பாடியது. கோபி அதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டு முகத்தைச் சுளித்தான்.

"இனியா, நீ மூச்சு வாங்குறது ஜாஸ்தியா கேக்குது."

"அங்க நான் மூச்சே எடுக்கல கோபி."

எனக்கும் ஒரு ஹெட்போனை மாட்டினான். ஒரு அடி பாட்டு. அப்புறம் மூச்சு.

அதன் கடைசியில், சன்னமாக விசில்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். என்னவென்று சொல்வேன்?

"தூக்கிடலாம்" என்றபடி கோபி ஒரு பட்டனைத் தட்டினான்.

அந்தப் பக்கம் இனியா நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

அவன் பார்க்கவில்லை. இன்னொன்றைத் தட்டினான்.

இனியா முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்தது. வாய் திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் போகவில்லை.

அந்த வாயை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

கோபி பதறி எழுந்தான். அவன் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் மேலேயே அழுத்தினேன்.

"வெட்டினத திரும்ப வை."

"வுடுங்க பெரியவரே, ஆஸ்பத்திரிக்கு..."

"மொதல்ல வைடா. நான் அடுப்புல போட்டுட்டேன், என்னால முடியாது. உன்னால முடியும்ல?"

வைத்தான். ஒன்று. இரண்டு.

இனியா நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது.

அந்த மூச்சின் கடைசியிலும் ஹெட்போனில் விசில் கேட்டது.

தண்ணீர் குடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்த பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டது. "மொத்தம் எத்தன கோபி?"

அவன் எண்ணினான். "இருபத்திமூணு."

"ஒண்ணையும் தொடாத."

மூன்று மாதம் கழித்து ஆல்பம் என் போனுக்கு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'முதலில் பாடியவர்: உண்ணாமலை.' கோபி எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டேன். இந்தப் பிள்ளைகள் சொன்ன சொல் தவறவில்லை.

பகல் மூன்று மணிக்கு, கதவைச் சாத்திவிட்டு, தனியாக உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரலை மடக்கினேன். இருபத்திமூன்றும் இருந்தது. பாட்டு முடிந்தது. போனை அணைத்துப் பாய்மேல் கவிழ்த்து வைத்தேன்.

"எல்லாத்தையும் வச்சாச்சு உண்ணாமலை" என்று சொன்னேன்.

வெளியே ரோட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அப்போது என் மடி கனத்தது.

இருபத்திநாலாவது மூச்சு அங்கேயிருந்துதான் வந்தது. அதை நான் வெட்டியதில்லை. அது எந்த டேப்பிலும் இருந்ததில்லை.