வெதுவெதுப்பு எவ்வளவு சூடு?

பதினொரு நெருப்புக்கோழிக் குஞ்சுகளில் பத்தைத் தராசில் நிறுத்துவதற்குள் டாக்டரம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒன்று ஓடியது, ஒன்று உதைத்தது, ஒன்று அவர் பேனாவையே விழுங்கப் பார்த்தது. பதினொன்றாவது குஞ்சு எந்தத் தொல்லையும் தரவில்லை. தட்டின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

அதுதான் டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் குஞ்சின் பெயர் முக்கால். பொரித்த அன்று முக்கால் கிலோ இருந்ததால் வைத்த பெயர். இப்போது மூன்று வாரம் ஆகிவிட்டது. மற்ற பத்தும் இரண்டரை கிலோவைத் தொட்டுவிட்டன. முக்கால் மட்டும் ஒன்றேகால் கிலோவில் நின்றுகொண்டு, இதற்குமேல் ஒரு படி ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"பேர மாத்திப் பார்க்கலாமா டாக்டரம்மா? ரெண்டரைன்னு வெச்சிடுவோம்," என்றார் அப்பா. அவர் முன்பு டீக்கடையில் மாஸ்டராக இருந்தவர். இப்போது இந்தப் பண்ணையில் தீவனம் கலப்பது அவர் பொறுப்பு. குஞ்சுக் கொட்டகை அம்மாவின் ராஜ்ஜியம்.

"பேர மாத்தினா எடை ஏறாதுங்க," என்றார் டாக்டரம்மா. "இதுக்கு வயிறு சரியில்ல. திங்கிறது கொஞ்சம், அதுவும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது."

பையிலிருந்து ஒரு பாக்கெட்டையும், அச்சடித்த ஒரு தாளையும் எடுத்தார். "இந்தப் பொடியில நல்ல கிருமி இருக்கு."

"கிருமியில நல்லது வேற இருக்கா?"

கேட்டது மகள். வயது பத்து. வீட்டில் அவளைப் 'பேரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் எழுப்பினால் பத்து நிமிடம் கேட்டு ஐந்தில் முடிப்பாள். எந்தச் சரக்கையும் நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் கையில் வாங்க மாட்டாள்.

"இல்லாமலா? பாலைத் தயிராக்குறது யாருன்னு நினைச்சே? இதோட சொந்தக்காரங்கதான்," என்றார் டாக்டரம்மா. "இதுங்க பொடிக்குள்ள தூங்கிட்டிருக்கு. தீவனத்துல கலந்து, வெதுவெதுப்பான தண்ணி ஊத்திப் பிசைஞ்சு, ரெண்டு நாள் மூடி வெச்சா முழிச்சுக்கும். தீவனம் புளிக்கும். அதத் தின்னா, நல்ல கிருமி குஞ்சு வயித்துல போய்க் குடியேறிடும். கெட்டதுக்கு எடம் கிடைக்காது."

"நல்ல ஆளா பார்த்து மொதல்ல குடி வெச்சிடறோம்," என்றாள் பேரம்.

"அதேதான். அஞ்சு நாள் பார்ப்போம். எடை ஏறலைன்னா முக்கால ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன். அங்க தனிக் கூண்டு."

அம்மாவின் முகம் மாறியது. "தனியாவா? கூட்டம் இல்லாம இதுங்க தண்ணி கூடக் குடிக்காதே!"

"தெரியும்மா. வேற வழி இருந்தா நான் ஏன் சொல்றேன்?"

பேரம் முன்னால் வந்தாள். "பத்து நாள் குடுங்க."

"அஞ்சு."

"புளிக்கவே ரெண்டு நாள் போயிடும். அதையும் கணக்குல சேர்த்தா நியாயமா? ஒன்பது."

"ஆறு."

"முக்கால் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டரம்மா பார்த்தார். அதுதான் அவர் செய்த தவறு. "எட்டு. இன்னொரு நாள் கேட்டே, இப்பவே தூக்கிடுவேன்."

"சரி, உங்களுக்காக எட்டு," என்று பேரம் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டாள். அவள் மனதில் வைத்திருந்தது ஏழு.

அன்று மாலையே அப்பா தீவனம் கலந்து வாளியில் மூடி வைத்தார். இரண்டு நாள் கழித்துத் திறந்தார். திறந்ததும் இரண்டடி பின்னால் போனார். அம்மா நாலடி போனார்.

"ஏங்க, இது புளிச்ச வாசனையா? எலி செத்த வாசனை!"

குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. பிறகு, வேண்டாதவர் வீட்டுக்கு வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டன. அம்மா வாளியோடு கொண்டுபோய்க் குழியில் கொட்டினார்.

"பாக்கெட்டு சரியில்ல," என்றார் அப்பா. "வேற பாக்கெட்டு வாங்கிட்டு வரேன்."

"இருங்கப்பா," என்றாள் பேரம். "குறை சரக்குலயா, கலந்த கையிலயான்னு பார்த்துட்டுப் போகலாம்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கையிலயா? இந்தக் கை போட்ட டீயக் குடிக்க நாலு தெரு தாண்டி ஆள் வருவாங்க, தெரியும்ல?"

"குஞ்சு டீ கேக்கலையேப்பா. அன்னிக்கு எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க. நான் பேச மாட்டேன்."

"நீயா? பேசாமலா?" என்றார் அப்பா. ஆனாலும் வேலையைத் தொடங்கினார்.

தீவனத்தை அளந்தார். பேரம் தாளைப் பார்த்தாள். சரியாக இருந்தது. பொடியை அளந்தார். அதுவும் சரி. அடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கி, குவளையில் தண்ணீர் ஊற்றினார். விரலை உள்ளே விட்டு, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வெதுவெதுன்னு இருக்கு," என்றார்.

"ஆவி வருதேப்பா."

"ஆவி வந்தா என்ன? தொட்டுத்தான் பாரேன்."

பேரம் சுண்டுவிரல் நுனியால் தொட்டாள். அவள் போட்ட கூச்சலில் பதினொரு குஞ்சுகளும் கொட்டகையின் மூலைக்கு ஓடின. அம்மா தம்பிப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்து, அவள் விரலைக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கினார்.

"இதுக்கா கத்தினே?" அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் விரலை விட்டுக் காட்டினார், இந்த முறை மூன்று விரல். "வெதுவெதுன்னுதானே இருக்கு?"

"உங்க விரல்ல உணர்ச்சி எங்க இருக்கு?" என்றார் அம்மா. "பதினஞ்சு வருஷம் கொதிக்கிற தண்ணியிலேர்ந்து வெறுங்கையால கிளாஸ் எடுத்தீங்க. அது விரல் இல்லங்க, இடுக்கி!"

"நெருப்புக்கோழிதானே. கொஞ்சம் சூடா இருந்தா என்னன்னு நினைச்சேன்."

"பேர்லதாங்க நெருப்பு."

பேரம் விரலை ஊதிக்கொண்டே சொன்னாள்: "பாவம்ப்பா அந்தக் கிருமிங்க. முழிக்கிறதுக்குள்ள வெந்து போச்சுங்க."

அப்பா தன் விரல்களைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தள்ளுங்க, நான் கலக்கறேன்," என்று அம்மா களத்தில் இறங்கினார். கெட்டில் தண்ணீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, ஊற்றி, விரலை விட்டுப் பார்த்தார். "போதும். இதான் வெதுவெதுப்பு."

பேரம் தொட்டாள். குழாய்த் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. காலையிலிருந்து குளிர்ந்த தண்ணீரில் தொட்டி கழுவிய கை அம்மாவுடையது. அந்தக் கைக்கு எதைத் தொட்டாலும் சூடாகத்தான் இருக்கும்.

"அப்பாவுக்கு ஒரு வெதுவெதுப்பு, உங்களுக்கு ஒரு வெதுவெதுப்பு," என்றாள் பேரம். "கடைக்குக் கடை வேற வேற படி வெச்சிருந்தா எப்படிம்மா வியாபாரம் ஆகும்?"

சிரித்துக்கொண்டே சொன்னாளே தவிர, உள்ளுக்குள் கவலைதான். இரண்டு நாள் வீணாகிவிட்டது. இந்த வாளியும் கெட்டால் இன்னொன்று புளித்து, அதைத் தின்று முக்கால் தேறுவதற்கு நாள் போதாது. கொட்டகையில் முக்கால் மூலையோடு மூலையாகச் சுருண்டு கிடந்தது.

அப்போது தம்பிப் பாப்பா அழ ஆரம்பித்தான். அம்மா பால் புட்டியை எடுத்துக் கவிழ்த்து, தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டார். தலையை ஆட்டினார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் விட்டார். பிறகுதான் பாப்பா வாயில் வைத்தார்.

தினமும் பார்க்கிற காட்சிதான். இன்றைக்குத்தான் பேரத்தின் கண்ணில் பட்டது.

"அம்மா, அங்க ஏன் விடறீங்க?"

"விரல நம்ப முடியாதுடி. இங்க தோல் மெல்லிசு. விட்டா சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. அப்பதான் குழந்தைக்குக் குடுக்கணும்."

"தம்பிக்கு ஒத்துக்கற சூடு கிருமிக்கு ஒத்துக்காதா?"

அப்பா கெட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

பேரம் புதிதாகத் தண்ணீர் கலந்தாள். தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டாள். சூடு. பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். இன்னும் சூடு. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். சொட்டு விழுந்ததே தெரியவில்லை. அம்மாவின் மணிக்கட்டிலும் விட்டாள். "ம், இதான்," என்றார் அம்மா. கடைசியாக அப்பா மணிக்கட்டு. அவருக்கு விரல்தான் இடுக்கி, மணிக்கட்டு பழுதில்லை.

"அட!" என்றார் அப்பா. "ஒன்னுமே தெரியலையே!"

"ஒன்னும் தெரியாததுதான்ப்பா சரியான சூடு."

இரண்டு நாள் கழித்து வாளியைத் திறந்தார்கள். யாரும் பின்னால் போகவில்லை. மேலே சின்னச் சின்னக் குமிழிகள். இதமான புளிப்பு வாசனை.

தட்டில் பரப்பிக் கொட்டகைக்குள் வைத்தார்கள். குஞ்சுகள் பத்தும் கழுத்தை நீட்டிப் பார்த்தன. பிறகு பின்வாங்கின. பழகாத சரக்கு, யார் முதலில் வாங்குவது?

பேரம் ஓடிப்போய்க் கீரையைப் பொடியாக நறுக்கி வந்து தீவனத்தின்மேல் தூவினாள். தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்பு நகச்சாயம் பூசிய விரலால் 'டக் டக்' என்று தட்டைத் தட்டினாள். பளபளப்பதைக் கண்டால் நெருப்புக்கோழிக் குஞ்சால் சும்மா இருக்க முடியாது. அவை நெருங்கி வந்தன.

"வேணாமா? சரி, நான் எடுத்துட்டுப் போறேன்," என்று தட்டை அரையடி நகர்த்தினாள்.

ஒன்று பாய்ந்து வந்து நகத்தைக் கொத்தியது. நகம் வரவில்லை, அலகில் தீவனம் வந்தது. தலையை உதறியது. யோசித்தது. மறுபடி கொத்தியது. ஒன்று தின்பதைப் பார்த்தால் மற்றவை விடுமா? தட்டைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு.

முக்கால் மட்டும் கூட்டத்துக்கு வெளியே நின்றது. பேரம் ஒரு சின்னத் தட்டில் தீவனம் எடுத்து, கூட்டத்தை ஒட்டியே வைத்தாள். நடுவில் தன் காலை நீட்டி வேலி போட்டாள். 'டக் டக்.' முக்கால் நகத்தைப் பார்த்தது, கொத்தவில்லை.

"விடு கண்ணு, பசிச்சாத் தானா தின்னும்," என்றார் அப்பா.

"பசிக்கலையேப்பா. அதானே வியாதி."

கால் மரத்துப்போகும்வரை தட்டினாள். ஒருவழியாக முக்கால் மூன்று கொத்துக் கொத்தியது. மறுநாள் காலை பள்ளிக்குப் போகுமுன் ஏழு கொத்து. சாயங்காலம் எண்ண முடியவில்லை. அதற்குள் நகத்திலிருந்த சாயமும் உதிர்ந்துவிட்டது.

எட்டாம் நாள் டாக்டரம்மா வந்தார். கையில் மூடி போட்ட ஒரு கூடை. எல்லோர் கண்ணும் அதன்மேல்தான் இருந்தது.

முக்காலைத் தராசில் வைத்தார்கள். அது எழுந்து நின்று, டாக்டரம்மாவின் கண்ணாடிக் கயிற்றைப் பிடித்து இழுத்தது.

"விடு, விடு! ஒரு கிலோ... அறுநூறு!"

"இன்னொரு தடவ போடுங்க," என்றாள் பேரம்.

இன்னொரு தடவையும் அறுநூறுதான்.

அப்பா நடந்ததை எல்லாம் சொன்னார், தன் விரல் கதை உட்பட. டாக்டரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "இந்தத் தாள இருபது பண்ணைக்குக் குடுத்திருக்கேனே! எல்லாத்துலயும் வெதுவெதுப்புன்னுதானே போட்டிருக்கு?"

பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தார். "என்ன எழுதட்டும்? நீயே சொல்லு."

"கைக்குழந்தைக்குப் பால் பார்க்கிற சூடுன்னு எழுதுங்க."

"வீட்ல குழந்தை இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"மணிக்கட்டு இருக்கும்ல?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். கூடையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். பேரமும் கூடவே போய், கூடையின் மூடியைத் திறந்து உள்ளே ஒருமுறை பார்த்தாள். காலிதான். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, அடுத்த வாளிக்குத் தண்ணீர் கலக்க உள்ளே போனாள்.